சுரங்க ரயில் காட்சியை நம்ப வேண்டாம்

‘டார்க்கஸ்ட் ஹவர்’ படம் பார்க்கவிருக்கும் பினாங்கு நண்பர்களுக்கு: பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் சுரங்க ரயிலில் ஏறி மக்களிடம் கருத்துக் கேட்பது முழுக்கக் கற்பனை. உண்மையான இழுபறி 1940 மே 26 முதல் 28 வரை, ஐந்தே பேர் கொண்ட போர் அமைச்சரவைக்குள் நடந்தது. இத்தாலி வழியாக ஜெர்மனியுடன் சமாதானத்துக்கு முயலலாம் என்றார் வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ். 28ஆம் தேதி மாலை சர்ச்சில் மற்ற அமைச்சர்களைக் கூட்டி ஆதரவு திரட்டிய பிறகே அந்த வாதம் எடுபடாமல் போனது. படத்தின் உயிர்நாடியே அந்தக் கூட்டம்தான். ரயில் அதை நீர்த்துப்போக வைக்கிறது.

அந்த நாட்களில் பிரான்ஸின் டன்கர்க் கடற்கரையில் சிக்கியிருந்த 338,226 வீரர்கள் மீட்கப்பட்டார்கள். பினாங்கின் கதை வேறு. 1941 டிசம்பர் 11 அன்று அதன் தலைநகர் ஜார்ஜ்டவுனில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. சில நாளில் பிரிட்டிஷார் ஐரோப்பியர்களை மட்டும் இரவோடிரவாகப் பத்திரமாக வெளியேற்றினார்கள். தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் தீவிலேயே விடப்பட்டார்கள்.