வீட்ஸ்டோனின் இன்னொரு பெட்டி

பிளஸ் டூவில் வீட்ஸ்டோன் சமனச்சுற்று எழுதி மார்க் வாங்கியவர்களுக்கு ஒரு தகவல். அதே சார்லஸ் வீட்ஸ்டோன்தான் இங்கிலீஷ் கான்சர்டினா என்ற, கையில் பிடித்து வாசிக்கும் சின்னத் துருத்தி வாத்தியத்தை உருவாக்கியவர். (சமனச்சுற்றை முதலில் யோசித்தவர் சாமுவேல் கிறிஸ்டி. பேர் மட்டும் இவருக்குப் போய்விட்டது!)

நேற்று இரவு ஆக்ஸ்போர்டு பக்கம் ஒரு பப்பில் நாட்டுப்புற இசை செஷன். மேடை, மைக் எதுவும் கிடையாது. மேசையைச் சுற்றி நாற்காலிகள், நடுவில் பியர் கிளாஸ்கள். யாராவது ஒரு மெட்டைத் தொடங்குவார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள்.

எனக்குப் பக்கத்தில் இரண்டு கான்சர்டினாக்காரர்கள், ஒரு அம்மா, ஒரு பெரியவர். இரண்டும் அறுகோணப் பெட்டிதான், ஆனால் குணம் வேறு. அந்த அம்மாவுடையது இங்கிலீஷ் வகை. துருத்தியை இழுத்தாலும் அழுத்தினாலும் ஒரு பொத்தானுக்கு ஒரே சுரம். பெரியவருடையது ஆங்க்லோ. மவுத் ஆர்கன் மாதிரி இழுத்தால் ஒன்று, அழுத்தினால் வேறொன்று. அதனால் அவர் கை ஓயாமல் திசை மாறுகிறது, தாளமும் அதிலேயே துள்ளிக்கொண்டு வந்துவிடுகிறது. அம்மா அதன்மேல் மெட்டை வழுக்கலாக இழுத்துப் போகிறார். தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே கொஞ்சம் கீச்சுதான். சேர்ந்து வாசித்தால் கால் சும்மா இருக்காது.

இந்த வட்டாரத்துக்கு கான்சர்டினா புதிதும் இல்லை. 1899 டிசம்பர் 26 அன்று இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பாடல்களைத் தேடிச் சேகரித்த செசில் ஷார்ப், மோரிஸ் என்ற நாட்டுப்புற ஆட்டத்தைப் பார்த்து, நாட்டுப்புற இசை பக்கம் திரும்பியது இங்கே ஹெடிங்டனில்தான். அன்று வாசித்தவர் கொத்தனார் வில்லியம் கிம்பர், கையில் ஆங்க்லோ.

அடுத்த செஷனுக்கு யார் வருகிறீர்கள்? பப் பெயர் இன்பாக்ஸில்.