நுவரெலியா குளிருக்கு ஒரு தட்டு பூட்டீன்

பொரித்த உருளைக்கிழங்கு, மேலே சீஸ் கட்டிகள், அதற்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் கிரேவி, பூட்டீன் அவ்வளவுதான். 1950களின் கடைசியில் கனடாவின் கியூபெக் கிராமப்புறத்தில் தொடங்கிய சாப்பாடு, இன்று அந்த நாடு முழுக்க விற்கிறார்கள். பனிக்குளிருக்குப் பிறந்த இந்தத் தட்டு, மாலை ஆனதும் ஸ்வெட்டர் தேடும் நமக்கும் பொருந்தாமல் போகுமா?

கிழங்குக்கு நமக்குக் கவலையே இல்லை. விரல் தடிப்பில் வெட்டி, மாப்பசை போக அரை மணி நேரமாவது தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்துவிட்டு, முதலில் 150 பாகை அளவு எண்ணெயில் நிறம் மாறாமல் வேகவிட்டு எடுங்கள், ஆறட்டும், அப்புறம் 190 பாகையில் மறுபடி பொரியுங்கள். இந்த இரண்டாவது பொரியலைத் தவிர்த்தால் கிரேவி ஊற்றியதும் எல்லாம் கூழாகிவிடும்.

சீஸ்தான் சிக்கல். அங்கே போடுவது அன்றைக்கே செய்த சீஸ் கட்டி, கடித்தால் பல்லில் கீச்சென்று சத்தம் வரும். தேசிக்காய் விட்டுப் பால் திரித்துப் பார்க்கலாமே என்று அம்மா கேட்டார், ஆனால் புளியால் திரிந்தது சூட்டுக்கு உருகாது. மொஸரெல்லா கட்டியைக் கையால் பிய்த்துப் போடுங்கள், துருவ வேண்டாம்.

கிரேவிக்குப் பட்டரில் கோதுமை மாவைப் பொன்னிறமாக வறுத்து, கோழி எலும்பு அவித்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிண்டி, மிளகுத்தூளைத் தாராளமாகப் போடுங்கள். கறித்தூள் வேண்டவே வேண்டாம். பச்சை மிளகாய்? சரி, எங்கள் வீட்டில் போட்டோம்.