தானே

"தம்பி, இது எங்காத்தா தானே?"

ஆறேழு மாசமாக இந்த ஒரு வரியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நம் பேச்சில் 'தானே' இரண்டு விதமாக வரும். தெரிந்ததை உறுதிப்படுத்த ஒன்று, சந்தேகத்தைப் பதமாகக் கேட்க ஒன்று. செத்துப்போன ஆத்தாவுக்கு மாலை போட நான் செய்துகொடுத்த படத்தை வாங்க என் கடைக்கு வந்த அந்த அக்கா எதைச் சொன்னார் என்று இன்றைக்கும் பிடிபடவில்லை. பிரேம் கண்ணாடி மேல் ஒரு விரலை வைத்திருந்தார், என்னைப் பார்க்கவில்லை. நான் சொன்ன பதில் மட்டும் அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "ஆமாக்கா, உங்க மூத்தவன் கல்யாணத்துல நான் எடுத்ததுதான்."

பொய் இல்லை. அதுதான் உறுத்துகிறது. அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது இன்னொன்று.

மறுநாள் பதினாறாம் நாள் காரியம். பேரன் முதலில் கொண்டுவந்தது ரேஷன் ஸ்மார்ட் கார்டு. அதில் இருக்கிற முகத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய நாலு படத்திலும் கிழவி முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தது. "அண்ணே, அண்ணன் கல்யாணத்துல அம்மாச்சி மேடையில நின்னுச்சுல்ல?" என்று அவன் கேட்டபோதுதான் 2011 டிவிடியைத் தேடினேன். வட்டு ஓடியதே பெரிய விஷயம்.

படம் இருந்தது. மேடையில் பதினாலு பேர், வலது ஓரக் கடைசியில் அம்மாச்சி. ஆனால் நான் அன்றைக்கு ஜேபெக் ஸ்மாலில், அதாவது கேமராவில் இருக்கிற சின்ன அளவில் எடுத்திருந்தேன். நிக்கான் டி90, 12 மெகாபிக்சல் கேமரா. ஸ்மாலில் வைத்தால் அது தருவது 2144க்கு 1424 பிக்சல். மாப்பிள்ளை பொண்ணுக்கு மட்டும் ரா (கேமரா பிடித்ததை அப்படியே வைக்கிற பெரிய ஃபைல்), மேடைக்கு வருகிற சொந்தபந்தத்துக்கு ஸ்மால் என்பது அப்போது என் கணக்கு. கையில் இருந்தது இரண்டு 4 ஜிபி கார்டு, ரா படம் ஒன்றே பத்து எம்பியைத் தாண்டும். ஐந்துக்கு ஏழு பிரிண்ட் போட ஸ்மால் தாராளம். தப்பான கணக்கு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஓரத்தில் நின்றவரின் முகத்தைத் தனியாக வெட்டி மாலை போடுவார்கள் என்று எந்தக் கல்யாண மேடையில் யோசிக்க முடியும்?

நெற்றியிலிருந்து தாடை வரை எண்ணிப் பார்த்தேன். 60 பிக்சல். கேட்டது பன்னிரண்டுக்குப் பதினெட்டு. அதில் முகம் மட்டும் ஆறு அங்குலம் வரவேண்டும், அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் 1800 பிக்சல். முப்பது மடங்கு. இருக்கிற ஒவ்வொரு பிக்சலும் தொள்ளாயிரமாக வேண்டும். இருப்பதைப் பெரிசு பண்ணுகிற வேலை இல்லை இது, இல்லாததைப் போடுகிற வேலை.

முகத்தைச் சரி செய்கிற ஏஐ மென்பொருளில் போட்டேன். இருபது வினாடி. ஒரு பாட்டி வந்து நின்றார். கண்ணில் ஒளி, இமையில் முடி முடியாக ரோமம், கன்னத்தில் மெல்லிய சுருக்கம். மூலப் படத்தில் வாய் என்பது ஐந்தாறு பிக்சலில் ஒரு கறுப்புக் கோடு. அதற்குள்ளிருந்து வரிசையாக வெள்ளைப் பல்லை எடுத்து வைத்திருந்தது. காலம் முழுக்க வெற்றிலை போட்ட வாய். கொஞ்சம் மஞ்சளும் காவியும் பூசி அடக்கினேன்.

காதுதான் மோசம். தண்டட்டி போட்டுத் தொங்கிய காது. மென்பொருள் அதைக் கழுத்தோடு கழுத்தாக இழைத்துவிட்டு, அளவாக ஒரு காது வைத்திருந்தது. இந்த வகை மென்பொருள் பலவும் பழகியது என்விடியா 2019இல் வெளியிட்ட ஒரு முகத் தொகுப்பில். ஃபிளிக்கர் தளத்திலிருந்து எடுத்த 70,000 முகங்கள். அதில் தண்டட்டிக் காது எத்தனை இருந்திருக்கும்? என் ஹார்ட் டிஸ்கில் இருந்தது. வேறொரு ஊர்க் கிழவியைத் திருவிழாவில் எடுத்த படம், ஏறக்குறைய அதே பக்கம் திரும்பிய முகம். அந்தக் காதை வெட்டி, வளைத்து, நிறம் சேர்த்து வைத்தேன். இரண்டு மணி நேரம். அன்றைக்கு நான் மனசறிந்து செய்த வேலை அது ஒன்றுதான்.

அக்கா கண்ணாடியில் விரல் வைத்த இடம் அந்தக் காது. "காது அப்படியே ஆத்தா காது" என்றார். அதற்கப்புறம்தான், கொஞ்சம் பொறுத்து, "இது எங்காத்தா தானே?"

எங்கள் தொழிலில் இது புதுசா என்று கேட்டுப் பார்க்கிறேன். எனக்கு வேலை சொல்லித்தந்த மாஸ்டர் சீவிய பென்சிலால் நெகட்டிவ் மேலேயே டச்சிங் செய்வார். அம்மைத் தழும்பு நெகட்டிவில் வெளிறித் தெரியும். அங்கே பென்சில் வைத்தால் பிரிண்டில் அந்தக் கறுப்பு மறைந்துவிடும். செத்தவரை உட்காரவைத்து எடுத்த படத்தில் பிரஷ்ஷால் கண்ணைத் திறந்திருக்கிறார். சட்டையே போடாத சம்சாரிக்குக் கோட்டு போட்டிருக்கிறோம். யாரும் எங்களைப் பொய்யர் என்று சொன்னதில்லை. படத்தைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

ஆனால் கண்ணைத் திறக்கும் முன் மாஸ்டர் வீட்டாரைக் கூப்பிட்டு உட்காரவைப்பார். இமை கனமா, புருவம் கூடுமா, ஒரு கண் சின்னதா என்று கேட்டுக் கேட்டு வரைவார். நான் யாரையும் கேட்கவில்லை. அக்கா வீடு அடுத்த தெரு. நேரமில்லை என்று சொல்லிக்கொள்கிறேன், காதுக்கு இரண்டு மணி நேரம் இருந்திருக்கிறது. கேட்டால் "இல்லை, இப்படி இருக்காது" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் என்பதுதான் சரியாக இருக்கும்.

இன்னொன்று. எனக்கே அந்த அம்மாச்சியின் முகம் நினைவில் இல்லை. ஒரு நாள், மேடையில், வ்யூஃபைண்டர் வழியாகப் பார்த்த முகம். அப்படியிருக்க, இது அவர் இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறேன்? பெற்ற மகளே பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்த 60 பிக்சல். அதை மானிட்டரில் திறந்து வைத்துவிட்டுக் கடை வாசல் வரை பின்னால் நடந்தால், கட்டம் கட்டமாகக் கிடந்தது கூடி ஒரு ஆள் தெரிகிறார். வாயை இறுக்கி, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரோ வம்பாக மேடையில் ஏற்றிவிட்ட மாதிரி. நான் போட்டுக் கொடுத்த படத்தில் இருப்பவர் சாந்தமாக இருக்கிறார்.

இனி செத்தவர் முகத்தை அந்த மென்பொருளில் போடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். போன மாதம் இரண்டு போட்டேன். ஒன்று விபத்தில் போன பையன். அவன் அப்பா முன்னால் நின்று தெளிவாக வேண்டும் என்று கேட்கும்போது மங்கலைக் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஸ்மாலில் எடுப்பதைத்தான் விட்டுவிட்டேன். இப்போது மேடையில் ஏறுகிற அத்தனை பேரும் 24 மெகாபிக்சல் ரா. ஒரு வருஷம் வைத்திருந்து அழித்துவிடுகிறேன், டிஸ்க் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை.

சித்திரையில் அக்கா திரும்ப வந்தார். அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் அதே மாதிரி ஒவ்வொன்று வேண்டுமாம். "பார்க்கப் பார்க்க ஆத்தாவாத்தேன் தெரியுது தம்பி" என்றார். பார்க்கப் பார்க்க. முதலில் அப்படித் தெரியவில்லையா என்று கேட்க வாய் வரை வந்தது. வேலை செய்த அடுக்குகளைத் தனித்தனி லேயராக வைத்திருக்கிற பிஎஸ்டி ஃபைலைத் திறந்தேன். முக லேயரை அணைத்தால் அடியில் அந்த 60 பிக்சல், மேலே தனியாகத் தொங்குகிற வேறு ஊர்க் காது. மகள் எதிரே உட்கார்ந்திருந்தார். ஆத்தாவுக்குப் பல் எப்படி இருக்கும் அக்கா, புருவம் எப்படி என்று அப்போதாவது கேட்டுத் திருத்தியிருக்கலாம்.

அணைத்த லேயரைத் திரும்பப் போட்டு மூன்று பிரிண்ட் கொடுத்தேன். ஏற்கெனவே ஒன்று அவர் வீட்டு நிலைக்கு மேலே மாலையோடு தொங்குகிறது. இப்போது மாற்றிக் கொடுத்தால் அண்ணன் தம்பிகளுக்குள் எது ஆத்தா என்று பேச்சு வரும்.