பினாங்கில் என் பெயரில் ஒரு சம்பளச் சீட்டு

2022-இல் கல்யாணமாகிப் புதுக்கோட்டையிலிருந்து பினாங்குக்கு வந்தேன். கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்த மலேசியர். ஏர்கான் பொருத்துவது, சர்வீஸ் செய்வது என்று சின்னதாக ஒரு செண்டிரியான் பெர்ஹாட், அதாவது பிரைவேட் லிமிடெட் கம்பெனி வைத்திருக்கிறார். வேலைக்கு இரண்டு பையன்கள், ஒரு வேன், அவ்வளவுதான்.

குடிமகனின் மனைவிக்குக் கிடைக்கும் நீண்டகால வருகை பாஸில் வந்தேன். வேலை செய்யக் குடிநுழைவுத் துறையில் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அது கைக்கு வந்த பிறகுதான் கணக்குப் புத்தகத்தைத் தொட்டேன். எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) இருப்பவரின் மனைவியாகச் சார்ந்தோர் பாஸில் வந்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தப் பாஸை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது.

ஒருநாள் கணவர், "கம்பெனில பாதி உன் பேர்ல எழுதிடுறேன்" என்றார். மனசு நிறைந்துபோனது. கணக்காளர்தான் தடுத்தார். சிறு நிறுவனங்களுக்கு முதல் 1,50,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) லாபத்துக்கு 15 விழுக்காடுதான் வரி. ஆனால் 2024 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, குடியுரிமை இல்லாதவர் கையில் 20 விழுக்காட்டுக்கு மேல் பங்கு இருந்தால் அந்தச் சலுகை போய்விடும், 24 விழுக்காடு கட்ட வேண்டும். லட்சம் வெள்ளி லாபத்துக்கு 9,000 வெள்ளி கூடுதல். அதனால் என் பங்கை 20 விழுக்காட்டோடு நிறுத்தினோம்.

சரி, பங்கு அப்படி. சம்பளம்?

"வேலை செய்யாத மனைவிக்குச் சம்பளம் காட்டினா செலவா ஏத்துக்க மாட்டாங்கம்மா. நீங்க என்ன வேலை செய்றீங்கன்னு எழுதிக் கொடுங்க" என்றார் கணக்காளர். 1967 வருமான வரிச் சட்டத்தின் 33-ஆம் பிரிவின்படி, வருமானம் ஈட்டுவதற்காகவே ஆன செலவைத்தான் கழிக்க முடியும்.

ஒரு மாதம் நோட்டில் எழுதினேன். காலையில் பையன்களுக்கு அன்றைய முகவரிகளைப் பிரித்துக் கொடுப்பது, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு விலைப்பட்டியல் அனுப்புவது, பாக்கி வசூல், சாமான் கணக்கு, இரவு பத்து மணிக்கும் "ஏர்கான்ல தண்ணி ஒழுகுது" என்று வரும் வாட்சாப் செய்திகள். மாதக் கடைசியில் பக்கங்களைப் புரட்டியபோது எனக்கே கண் கலங்கியது. இத்தனையையும் 'உதவி' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இதே வேலைக்கு வெளியாள் வைத்தால் என்ன கொடுப்போம் என்று விசாரித்து, 2025 ஜனவரியிலிருந்து மாதம் 2,500 வெள்ளி என்று முடிவானது. என் பெயரில் வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு, அக்டோபரிலிருந்து இரண்டு விழுக்காடு ஊழியர் சேமநிதியும்.

வரியிலும் நல்ல வித்தியாசம். முன்பு அவர் மட்டும் ஆண்டுக்கு 1,20,000 எடுத்தார். தனிநபர் கழிவு 9,000, எனக்காக 4,000 போக 11,150 வெள்ளி வரி. இப்போது அவருக்கு 90,000, எனக்கு 30,000. எனக்கான 4,000 கழிவு போய்விட்டது, ஆனாலும் அவர் வரி 5,790. என்னுடையது, 400 வெள்ளி தள்ளுபடிக்குப் பிறகு பூஜ்யம். மற்ற கழிவுகளை இதில் சேர்க்கவில்லை. நானும் ஆண்டுக்கு 182 நாள் இங்கே இருந்து வரி வசிப்பாளராக இருப்பதால்தான் இது நடக்கிறது. இல்லையென்றால் நேராக 30 விழுக்காடு.

மிச்சமானது 5,360 வெள்ளி. அதைவிடப் பெரிதாக நான் நினைப்பது, வீட்டுச் செலவுக்குக் கையை நீட்டுவது நின்றதைத்தான். அதைக் கணவரிடமும் சொன்னேன். "முன்னாடியே செஞ்சிருக்கணும்" என்றார்.

பாதிக்கு மீதி 30 விழுக்காடு பங்கு இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. நிரந்தர வசிப்புரிமை கிடைத்தாலும் போதாது, குடியுரிமை வேண்டும். அதற்கு இன்னும் பல வருஷம் ஆகும். இப்போதைக்கு மலாய் படித்துக்கொண்டிருக்கிறேன்.