நியாயமா இருப்பீங்களான்னு கேட்டா யாரு இல்லன்னு சொல்வா?

அமெரிக்காவுல கிரிமினல் கேஸுக்கு ஜூரி, அதாவது குற்றவாளியா இல்லையான்னு முடிவு சொல்ற சாதாரண மக்கள் குழு, எடுக்கும்போது வந்தவங்கள கூப்பிட்டு, பாரபட்சம் இல்லாம முடிவெடுக்க முடியுமான்னு கேப்பாங்க, எல்லாரும் முடியும்னுதான் சொல்வாங்க. பொய் சொல்றாங்கன்னு நான் சொல்லல, மனசார அப்படித்தான் நம்புவாங்க, உள்ள ஊறிக் கிடக்குறது அவங்களுக்கே தெரியாது. கொலராடோ மாநிலத்துல பெனா ரோட்ரிகஸ்ங்கிறவர் மேல நடந்த கேஸ்லயும் இப்படித்தான், கேட்டப்போ யாருமே வாய் திறக்கல, ஆனா கதவ சாத்திட்டு பேச உக்காந்ததும் ஒரு ஜூரர், இவன் மெக்சிகன், அதனால செஞ்சிருப்பான்ங்கிற மாதிரி பேசியிருக்காரு. தீர்ப்பு வந்தப்புறம் கூட இருந்த ரெண்டு ஜூரர்களே டிஃபென்ஸ் வக்கீல்கிட்ட, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரோட வக்கீல்கிட்ட, போய் சொல்லியிருக்காங்க. ஜூரி ரூம்ல பேசினத வெளிய எடுத்து தீர்ப்ப எதுத்து கேக்க முடியாதுங்கிறது பழைய விதி, இனவெறின்னு தெளிவா தெரிஞ்சா மட்டும் கேக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் 2017ல தான் சொல்லுச்சு. அந்த ரெண்டு பேரு சும்மா இருந்திருந்தா?

இன்னொரு பக்கம், வக்கீல்களே ஆள வடிகட்டுறது. ஜூரிக்கு வந்தவங்கள்ல இத்தன பேர காரணமே சொல்லாம வேணாம்னு தள்ளலாம்னு ஒரு உரிமை உண்டு, இனத்த வச்சு தள்ளக்கூடாதுன்னு 1986லயே தீர்ப்பு வந்தாச்சு. ஆனா மிசிசிப்பியில கர்ட்டிஸ் ஃப்ளவர்ஸ்ங்கிற கறுப்பினத்தவர ஒரே கொலை கேஸுக்கு ஆறு தடவ விசாரிச்சாங்க, ஆறு தடவையும் அதே அரசு வக்கீல், தள்ள வாய்ப்பு இருந்த 42 கறுப்பின ஆளுங்கள்ல 41 பேர தள்ளிட்டாங்க. ஆறாவது விசாரணையில, தள்ளப்பட்ட அஞ்சு கறுப்பினத்தவங்ககிட்ட மொத்தம் 145 கேள்வி, ஜூரியில உக்காந்த 11 வெள்ளையர்கிட்ட 12 கேள்வி! குடைஞ்சு குடைஞ்சு கேட்டா யார்கிட்டதான் ஒரு காரணம் கிடைக்காது. 2019ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்ப ரத்து பண்ணுச்சு, 2020ல கேஸையே கைவிட்டாங்க, அதுக்குள்ள மனுஷனுக்கு இருபது வருஷத்துக்கு மேல ஜெயில்லயே போயிடுச்சு. நெனச்சாலே வயிறு எரியுது.

இந்த தள்ளுற உரிமையே வேணாம்னு இங்கிலாந்து 1988லயே எடுத்துடுச்சு, அரிசோனா 2022ல. ஆனா டிஃபென்ஸ் வக்கீல்கள் நிறைய பேருக்கு இதுல உடன்பாடு இல்ல, வெறுப்போட உக்காந்திருக்குற ஆள நாங்க எப்படி வெளிய அனுப்புறதுன்னு கேக்குறாங்க, அதுவும் நியாயம்தான். என்னக் கேட்டா உரிமைய எடுக்கணும், கூடவே கேள்வியையும் மாத்தணும். முடியுமா முடியாதான்னு கேக்காம, போலீஸ் சாட்சி சொன்னா அத மத்தவங்க சாட்சிய விட கூடுதலா நம்புவீங்களா, கைதானவர் வாயே திறக்கலன்னா என்ன நினைப்பீங்கன்னு எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி, எழுத்துல, தனியா கேக்கணும்.