நன்றி சொன்னவர்களுக்கு ஓட்டு இல்லை

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் ஒருவரின் தொகுதி அலுவலகத்தில் சில ஆண்டுகள் கேஸ்வொர்க்கராக, அதாவது தொகுதி மக்களின் அரசு தொடர்பான சிக்கல்களைக் கவனிப்பவராக இருந்தேன். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதி. உறுப்பினரின் பெயர் வேண்டாம். பல தடவை ஜெயித்தவர், நான் இருந்தவரை தோற்கவில்லை, அது போதும். மசோதா, உரை, டிவி பேட்டி எல்லாம் அவருடைய வாஷிங்டன் அலுவலகத்தார் பாடு. எங்களிடம் வருகிறவர்களின் கதை வேறு. பாஸ்போர்ட் வரவில்லை, வரித் துறை ரீஃபண்டைப் பிடித்து வைத்திருக்கிறது, முன்னாள் ராணுவ வீரருக்கு வரவேண்டிய உதவித்தொகை நின்றுவிட்டது.

வருகிறவரிடம் முதலில் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவோம். 1974ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டப்படி அந்தக் கையெழுத்து இல்லாமல் எந்தத் துறையும் எங்களிடம் வாய் திறக்காது. அப்புறம் அந்தத் துறையில் காங்கிரஸ் கடிதங்களுக்கென்றே இருக்கிற பிரிவுக்கு எழுதுவோம். உத்தரவு போடும் அதிகாரம் எங்களுக்குக் கிடையாது. "இது என்ன ஆயிற்று?" என்று கேட்கலாம், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்வி போய்ச் சேர்ந்ததும் கிடப்பில் கிடந்த கோப்பு பல சமயம் நகரும்.

தமிழர்கள் நிறையப் பேர் கூப்பிடுவார்கள். என் பெயரைக் கேட்டதும் "அக்கா, நீங்க தமிழா?" என்று குரல் மாறும். மகளின் பிரசவத்துக்கு வரவேண்டிய அம்மாவுக்குச் சென்னைத் துணைத் தூதரகத்தில் விசா மறுத்திருப்பார்கள். கடிதம் எழுதலாம், ஆனால் முடிவு அங்கே ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அதிகாரியுடையது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். இன்னொருவருக்கு ஊரில் அப்பா இறந்திருப்பார். கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும், கையில் வேறு விசா இருக்காது. முன் அனுமதி வாங்காமல் கிளம்பினால் விண்ணப்பத்தையே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். அந்த மாதிரி நாளில் குடிவரவு அலுவலகத்துக்கு விடாமல் போன் போடுவோம். சில சமயம் அன்றைக்கே அனுமதி கிடைக்கும். அவர் விமானத்தில் ஏறுவதற்கு முன்னால் நன்றி சொல்லி அனுப்புகிற செய்தி இருக்கிறதே, அதற்காகவே இந்த வேலையில் இருக்கலாம்.

அலுவலகத்தில் மூத்தவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. தீர்த்துவைத்த ஒவ்வொரு கோப்பும் ஒரு குடும்பம், ஒரு குடும்பம் என்றால் சில ஓட்டு. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. காங்கிரஸின் கீழ்சபையான பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல் வருகிறது. காங்கிரஸை மக்கள் திட்டாத நாள் இல்லை. ஆனாலும் மறுபடி நிற்கிற சிட்டிங் உறுப்பினர்களில் பெரும்பாலான தேர்தல்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஜெயித்துவிடுகிறார்கள். பெயர் தெரிந்திருக்கிறது, நிதி வருகிறது, அரசு செலவில் தபால் அனுப்பலாம் என்று புத்தகங்கள் காரணம் சொல்லும். எங்களவர்கள் கோப்பு அலமாரியைக் காட்டுவார்கள்.

2012இல் எனக்கு அந்த அலமாரி மேல் சந்தேகம் வந்தது.

பக்கத்துத் தொகுதியில் பீட் ஸ்டார்க். 1973 முதல் உறுப்பினர், நாற்பது ஆண்டு. டாக்டர்கள் தங்களுக்குப் பண லாபம் வரும் இடங்களுக்கே நோயாளிகளை அனுப்புவதைத் தடுக்கும் சட்டத்தை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். அவரை எதிர்த்து நின்றவர் எரிக் ஸ்வால்வெல். அதே ஜனநாயகக் கட்சி, வயது 31, எங்கள் பகுதி டப்ளின் நகர மன்றத்தில் இரண்டு ஆண்டு அனுபவம். ஸ்டார்க் அவர் மேல் ஆதாரமில்லாமல் லஞ்சப் புகார் சொல்லி, பிறகு மன்னிப்பும் கேட்டார். நவம்பரில் ஸ்வால்வெல் சுமார் 52 சதவீதம் வாங்கி ஜெயித்தார். ஸ்டார்க்குக்கு அப்போது 80 வயது. இதில் வேடிக்கை, 1972இல் ஸ்டார்க் முதல் தடவை ஜெயித்ததும் இப்படித்தான். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலான பிரைமரியில் 81 வயது சிட்டிங் உறுப்பினர் ஜார்ஜ் மில்லரை வியட்நாம் போர் எதிர்ப்பைச் சொல்லித் தோற்கடித்துத்தான் உள்ளே வந்தார்.

வயதானவர், வாயை விட்டார், தோற்றார் என்று பத்திரிகைகள் முடித்துக்கொண்டன. எனக்கு அது போதவில்லை. கலிபோர்னியாவில் அந்தச் சமயம் இரண்டு விஷயங்கள் மாறியிருந்தன. தொகுதி எல்லைகளை அரசியல்வாதிகளிடமிருந்து எடுத்து 14 பேர் கொண்ட குடிமக்கள் ஆணையத்திடம் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் வருஷக்கணக்கில் உதவி செய்த தெருக்கள் ஒரே இரவில் வேறு உறுப்பினருக்குப் போயின. நாங்கள் யாரென்றே தெரியாத தெருக்கள் எங்களிடம் வந்தன. இன்னொன்று, கட்சி எதுவானாலும் பிரைமரியில் முதல் இரண்டு இடம் வருபவர்கள்தான் நவம்பரில் மோதவேண்டும் என்ற புதிய முறை. முன்பு ஒரே கட்சிக்குள் எதிர்த்து நிற்பவரின் கதை ஜூனிலேயே முடிந்துவிடும். இப்போது நவம்பர் வரை நிற்கலாம். சொந்தக் கட்சி ஆள் களத்தில் இல்லாத குடியரசுக் கட்சிக்காரர்களின் ஓட்டும் அவருக்கு விழலாம்.

அப்புறம் மைக் ஹோண்டா. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்த முகாமில் குழந்தைப் பருவத்தைக் கழித்தவர், பள்ளி ஆசிரியர், 2001 முதல் உறுப்பினர். மறுவரைவுக்குப் பிறகு அவருடைய 17ஆவது தொகுதி, ஹவாயை விட்டுவிட்டுப் பார்த்தால், அப்போது நாட்டில் ஆசிய அமெரிக்கர்கள் பெரும்பான்மையாக இருந்த ஒரே தொகுதி. சன்னிவேல், குபர்ட்டினோ, சாண்டா கிளாரா, மில்பிடாஸ், ஃப்ரிமான்ட்டின் பெரும்பகுதி என்று நம் ஆட்கள் அடர்த்தியாக இருக்கிற ஊர்கள். 2014இல் ரோ கன்னா எதிர்த்து நின்றார். கன்னா ஒபாமா அரசில் வேலை பார்த்தவர், ஆனாலும் ஒபாமா ஹோண்டாவைத்தான் ஆதரித்தார். சிலிக்கான் வேலிப் பணம் கன்னா பக்கம் நின்றது. ஹோண்டா 51.8, கன்னா 48.2. இரண்டு ஆண்டு கழித்து அதே இருவர். இந்தத் தடவை கன்னாவுக்குச் சுமார் 61 சதவீதம்.

இடையில் ஹோண்டாவின் அலுவலகத்தில் அரசுப் பணியும் பிரசாரமும் கலந்துவிட்டதா என்று நெறிமுறை விசாரணை வந்தது. அந்தக் கோடு எங்கள் எல்லோருக்கும் தலைவலிதான். அலுவலக போனில் ஒருவர் நன்கொடை பற்றிக் கேட்டால் பேச்சை நிறுத்தி பிரசார எண்ணைக் கொடுத்துவிட வேண்டும். பிரசாரத்துக்குப் போவதென்றால் சொந்த நேரம், சொந்த போன், சொந்தக் கார். தேர்தலுக்கு முந்தின 90 நாள் அரசு செலவில் மொத்தத் தபால் அனுப்பவும் அப்போது தடை. வருஷம் முழுக்க எங்கள் செய்திமடலைக் குப்பையில் போட்டவர்கள் அந்த நாட்களில் மட்டும் "ஏன் ஒன்றும் வரவில்லை?" என்று கேட்டதுண்டு.

எங்கள் உறுப்பினருக்கும் ஒரு தடவை பலமான எதிராளி வந்தார். விடுப்பு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். கையில் மினிவேன் என்ற செயலி. எந்த வீட்டில் எந்த வாக்காளர், வயது என்ன, முந்தைய எந்தெந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டார் என்றெல்லாம் அதில் இருக்கும். யாருக்குப் போட்டார் என்பது மட்டும் இருக்காது. புதிதாக முளைத்த அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரு மாடி முழுக்க நடந்தாலும் பட்டியலில் இருந்தது இரண்டு மூன்று பெயர்தான். மற்றக் கதவுகளைத் தட்டவே வேண்டாம், அங்கே வாக்காளர் இல்லை.

அந்தக் கதவு ஒன்றிலிருந்து நான் உதவிய ஒருவர் வெளியே வந்தார். என்னை அடையாளம் கண்டு, உள்ளே கூப்பிட்டு காபி கொடுத்தார். உறுப்பினரை வாயாரப் புகழ்ந்தார். "நாங்க இன்னும் கிரீன் கார்டு க்யூவுலதான் இருக்கோம்க்கா, ஓட்டு இல்ல" என்றார். பட்டியலில் இருந்த பக்கத்து வீட்டுக்காரர், இருபது ஆண்டாகத் தவறாமல் ஓட்டுப் போடுகிறவர், எங்கள் உறுப்பினரின் பெயரையே இரண்டு தடவை சொல்லவைத்தார். அவருக்கு எந்தத் துறையிலும் எந்தக் கோப்பும் சிக்கியதில்லை.

மூத்தவர்களின் கணக்கில் விட்டுப்போனது இதுதான். தொகுதி பிரிக்கும்போது தலைகளை எண்ணுகிறார்கள், குடியுரிமை பார்ப்பதில்லை. 7 லட்சத்துக்கும் மேற்பட்ட அந்தத் தலைகளில் எங்கள் வாசலுக்கு அதிகம் வந்தவர்கள் ஓட்டுப் போட முடியாதவர்கள். ஓட்டுப் போடுகிறவர்களில் பலருக்கு நாங்கள் தேவைப்படவே இல்லை. அப்படியானால் சிட்டிங் உறுப்பினரை இத்தனை காலம் காப்பாற்றியது எது? எனக்குத் தோன்றுவது, பணமும் துணிச்சலும் உள்ள ஒருவர் எதிரே நிற்காததுதான். அப்படி ஒருவர் வராதவரை அலமாரிதான் காப்பாற்றுகிறது என்று யார் வேண்டுமானாலும் நம்பிக்கொள்ளலாம்.

இது எங்கள் பகுதிக் கதை மட்டுமில்லை. 2014இல் வர்ஜீனியாவில் சபையின் பெரும்பான்மைத் தலைவர் எரிக் கேன்டரே கல்லூரிப் பேராசிரியர் டேவ் பிராட்டிடம் பிரைமரியில் தோற்றார். 2018இல் நியூயார்க்கில் சிட்டிங் உறுப்பினர் ஜோ கிரௌலியை அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸ் வீழ்த்தினார். அந்தப் பிரைமரியில் இருவருக்கும் சேர்த்து விழுந்த ஓட்டு 30,000க்கும் குறைவு. ஒரு விவாதத்துக்கு கிரௌலி தான் வராமல் வேறொருவரை அனுப்பினார். எந்த ஆலோசகர் சொன்ன யோசனையோ தெரியவில்லை.

எங்கள் உறுப்பினர் தப்பித்தார். வேறொரு மாநிலத்தில் இதே வேலை பார்த்த என் தோழியின் உறுப்பினர் தப்பிக்கவில்லை. தோற்ற அலுவலகத்தில் யாருடைய வேலையும் ஜனவரி 3க்கு மேல் கிடையாது. கோப்புகள் சபை விதிப்படி உறுப்பினரின் சொந்தச் சொத்து. புதியவரிடம் கொடுக்க ஒவ்வொருவரின் சம்மதமும் வேண்டும். டிசம்பர் முழுக்க அவள் அந்தக் கடிதங்களைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தாள். பதில் போடாதவர்களின் கோப்புகளை மூடவேண்டியதாயிற்று. ஜனவரியில் புதிய உறுப்பினரின் அலுவலகம் அவளையே கூப்பிட்டது. எந்தத் துறையில் யாரிடம் கேட்கவேண்டும் என்பது தெரிந்த ஆள் அவர்களிடம் இல்லை. யாரைத் தோற்கடிக்க வீடு வீடாக ஏறி இறங்கினாளோ அவரிடமே வேலைக்குச் சேர்ந்தாள்.

இப்போது அந்தப் புதியவரை எதிர்த்தும் பிரைமரியில் ஒருவர் நிற்கிறார். விடுப்பு எடுத்துக்கொண்டு பிரசாரத்துக்குப் போகிறாயா என்று கேட்டேன். பள்ளி விடுமுறை நெருங்குகிறது, பாஸ்போர்ட் கோப்புகள் குவிந்து கிடக்கின்றன, போகப்போவதில்லை என்றாள்.