பன்னீர் திராட்சையில் காடி: 62 நாள் கணக்கு

குமுளியில் குடியிருப்பவனுக்கு ஒயின் ஆசை வருவதில் ஆச்சரியமில்லை. மலையிறங்கி லோயர் கேம்ப் தாண்டினால் கம்பம் வரை திராட்சைப் பந்தல்தான். ஆனால் வீட்டில் ஒயின் போட லைசென்ஸ் வேண்டும். மேலே கேரளத்திலும் கீழே தமிழ்நாட்டிலும் அதே கதை. சரி, ஈஸ்ட் பாக்கெட்டும் கெடாமல் காக்கும் சல்பைட்டும் இல்லாமல் இயற்கை ஒயின் எப்படிப் போடுவார்களோ அதே வழியில் காடி (வினிகர்) வரைக்கும் போய்விடலாம் என்று இறங்கினேன். (இடையில் கொஞ்ச நாள் அது ஒயின்தான். நான் ருசி பார்த்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.)

போன தடவை சந்தைப் பழத்தில் போட்டது மூன்றாம் நாளே அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. தோலில் கந்தக மருந்து மிச்சமிருந்தால் நொதிக்கும்போது அப்படி நாறும். என் சந்தேகமும் அதுதான். இந்த முறை கூடலூர்ப் பக்கம் இயற்கை முறையில் பந்தல் வைத்திருக்கும் ஒருவரிடமே போனேன். பஞ்சகவ்யா, மீன் அமிலம், அடிச்சாம்பல் நோய்க்குப் போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும்), அவ்வளவுதான் அவர் தோட்டத்தில். "என்ன தம்பி, தண்ணி போடவா?" என்றார். "காடிண்ணே" என்றேன். நம்பவில்லை. மழை பெய்து வெடித்த கொத்துகளை ஒதுக்கிவிட்டு 10 கிலோ வெட்டிக் கொடுத்தார். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே பன்னீர் ரகம். வெளிநாட்டில் இதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க்.

பழத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பதை ஈஸ்ட் என்று நிறைய பேர் சொல்கிறார்கள். அது மெழுகு. ஈஸ்ட் அங்கங்கே கொஞ்சம் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். அதையும் உப்புத் தண்ணீரில் அலசித் துரத்த வேண்டாம் என்று இம்முறை கழுவாமலே காம்பை நீக்கி, கையால் பிசைந்து, பீங்கான் ஜாடியில் போட்டேன். சாற்றின் சர்க்கரையை அளக்கும் பிரிக்ஸ் மீட்டர் 17 காட்டியது.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மார்கழிக் குளிர். ஜாடியை அடுப்படிப் பரணுக்கு மாற்றினேன். மூன்றாம் நாள் காலையில் காதை வைத்துக் கேட்டால் உள்ளே பொரிகிற சத்தம். தோலெல்லாம் மேலே வந்து ஒரு கை கனத்துக்கு மெத்தை மாதிரி நிற்கிறது. அதை அப்படியே விட்டால் மேல்பக்கம் காய்ந்து பூசணம் பிடிக்கும். நாளைக்கு மூன்று முறை அகப்பையால் அமுக்கிவிட வேண்டும். அமுக்கினால் இளஞ்சிவப்பு நுரை பொங்கி, பன்னீர் வாசனை வீடு முழுக்க. நடுவில் ஒரு நாள் நகப்பூச்சு வாடை வந்து பயமுறுத்தியது. காட்டு ஈஸ்ட் என்றால் கொஞ்சம் அப்படித்தான். தானாகப் போய்விட்டது.

ஒன்பதாம் நாள் பிழிந்ததில் 6 லிட்டர். 17 பிரிக்ஸ் சாறு நொதித்தால் ஆல்கஹால் கிட்டத்தட்ட 9 சதவீதம் வரும். காடிக்கு அது தூக்கல். ஆறவைத்த வெந்நீர் 2 லிட்டர் சேர்த்தேன். அப்புறம் பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் போய் நின்றேன். அவர் வீட்டில் கள்ளில் புளிக்கவைத்த சொருக்கா (காடிக்கு மலையாளப் பெயர்) எப்போதும் இருக்கும், பாக்டீரியா ஏடு மிதக்கும் உயிருள்ள சரக்கு. 1 லிட்டர் கிடைத்தது. இரண்டு ஜாடியாகப் பிரித்து, காற்றுக்கு இடம் விட்டு முக்கால் பாகம் மட்டும் நிரப்பினேன். ஈஸ்டுக்குக் காற்று இல்லாமலும் நடக்கும். ஆல்கஹாலைப் புளிப்பாக்கும் காடி பாக்டீரியாவுக்குக் காற்று இல்லையென்றால் வேலையே ஓடாது.

இங்கேதான் சறுக்கல். ஒரு ஜாடிக்கு வேட்டித் துணியை நாலாக மடித்துக் கட்டினேன். துணி போதாமல் இன்னொன்றுக்குக் கொசுவலைத் துண்டு. பழ ஈக்குக் கொசுவலையெல்லாம் அகலத் திறந்த கதவு. பத்து நாள் கழித்துப் பார்த்தால் மேலே அரிசி நொய் மாதிரி புழு நெளிகிறது. 4 லிட்டருக்கும் மேல், அப்படியே வாழைக்கு ஊற்றினேன்.

தப்பிய ஜாடியில் மெல்லிய ஏடு படிந்தது. சுருக்கம் சுருக்கமாக, மாவுபோல் வெள்ளையாக இருந்தால் அது வேறு ஈஸ்ட். இது வழவழப்பாக, இளநீர் வழுக்கை மாதிரி இருந்தது. ஆட்டாமல் விட்டேன்.

40-ஆம் நாள் புளிப்பை அளந்தேன். 5 மில்லி காடியை நிறையத் தண்ணீரில் கலந்து, பினாப்தலின் (காரம் மிஞ்சியதும் சிவக்கும் நிறங்காட்டி) சொட்டு விட்டு, நிறம் மாறும் வரை 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு காரத்தை ஊசியில்லாச் சிரிஞ்சால் இறக்க வேண்டும். இறங்கும் ஒவ்வொரு மில்லிக்கும் 0.12 சதவீதம் புளிப்பு என்று கணக்கு. முதல் தடவை குழம்பிப்போனேன்: திராட்சை நிறமே காரம் ஏற ஏறப் பச்சை கலந்த நீலமாக மாறுகிறது, அதற்குள் பினாப்தலினின் சிவப்பை எங்கே தேடுவது? இன்னும் தண்ணீர் ஊற்றி, வெள்ளைத் தாள் மேல் வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. 28 மில்லி, அதாவது 3.36 சதவீதம். உணவுப் பாதுகாப்பு விதி கேட்பது குறைந்தது 3.75. 62-ஆம் நாள் 39 மில்லி இறங்கியது: 4.68.

வடிகட்டிக் கழுத்து வரை நிரப்பி மூடினேன். முதல் பாட்டில் சேச்சிக்கு. "இது மீனுக்கு ஆகாது, வாசனை கூடுதல்" என்று வெங்காயத்தில் ஊற்றிச் சாப்பிட்டார். இரண்டாவது பாட்டில் தோட்டக்காரருக்கு. மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "நெசமாவே காடிதானா" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.